கரைந்த பொருள் தண்ணீரை எப்படி மாற்றுகிறது: பெங்களூரு வீட்டில் அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

பெங்களூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் இங்கே 910 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி நிற்கும். அந்த அழுத்தத்தில் சுத்தமான தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாடப்புத்தகத்தில் "உப்புக் கரைசல் 101 டிகிரியில் கொதிக்கும்" என்று படித்த பிள்ளை அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வீட்டு அடுப்பில் அதை அளந்தால் 98 தான் வரும். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவதற்கு முன் படிக்க வேண்டியவை கீழே இருக்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்பில் "கரைசல்கள்" பாடம் படிப்பவர்களுக்கும், பெற்றோருக்கும், சென்னையிலிருந்து இங்கே குடிவந்த பிறகு பாகுப் பதம் மாறிப்போனது ஏன் என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும். முன் அனுபவம் தேவையில்லை. எடை போடவும் பொறுமையாகக் கலக்கவும் தெரிந்தால் போதும்.

எதை அளக்கப் போகிறோம்

தண்ணீரில் ஒரு பொருள் கரைந்தால் நான்கு பண்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தே மாறும். ஆவியழுத்தம் குறையும், கொதிநிலை ஏறும், உறைநிலை இறங்கும், சவ்வூடு பரவல் அழுத்தம் (தண்ணீரை மட்டும் விடும் சவ்வின் வழியே கரைசல் தண்ணீரை இழுக்கும் அழுத்தம்) தோன்றும். நீர்த்த கரைசலில் இந்த நான்கும் கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. அந்தத் துகள் சர்க்கரையா உப்பா என்பதைப் பொறுத்தவை அல்ல. இதனால்தான் இவற்றைத் தொகைசார் பண்புகள் என்று ஒரே கூட்டமாகப் படிக்கிறோம்.

காரணம் எளிது. திரவத்தின் மேற்பரப்பிலிருந்து தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். கரைபொருள் கலந்ததும் தண்ணீரின் விகிதம் குறைவதால் வெளியேறும் மூலக்கூறுகளும் குறையும், ஆவியழுத்தம் இறங்கும். அந்த அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக ஏற்ற இன்னும் கொஞ்சம் சூடாக்க வேண்டும். அதுவே கொதிநிலை ஏற்றம். உறையும்போதும் இதே நிலைதான். பனிக்கட்டியில் சேர்வது தண்ணீர் மட்டும். கரைபொருள் வெளியே நின்றுவிடும். கரைசலில் தண்ணீரின் விகிதம் குறைந்திருப்பதால், இன்னும் குளிர்ந்த பிறகே பனிக்கட்டியும் கரைசலும் சமநிலைக்கு வரும்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள் இரண்டே. மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு. 1 கிலோ தண்ணீரில் 1 மோல் துகள் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும், கொதிநிலை 0.512 டிகிரி ஏறும். பொருளின் எடையை அதன் மோலார் நிறையால் வகுத்தால் மோல் கிடைக்கும். அதைத் தண்ணீரின் எடையால், கிலோ கணக்கில், வகுத்தால் மோலாலிட்டி. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடுக்கு 58.4, சர்க்கரைக்கு 342, நீரற்ற குளுக்கோஸுக்கு 180. உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரியும், ஆகவே 2 ஆல் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலுக்கு வாண்ட் ஹாஃப் காரணி என்று பெயர். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901-இல் பெற்றவர் அந்த வாண்ட் ஹாஃப். உறைநிலை இறக்கம் உப்பின் அளவுக்கு நேர்விகிதத்தில் போகிறது என்பதை சார்லஸ் பிளாக்டன் 1788-இலேயே அளந்து காட்டிவிட்டார். அதை மூலக்கூறுகளின் எண்ணிக்கையோடு இணைத்தது 1880-களில் பிரெஞ்சு வேதியியலாளர் ரௌல்ட்.

வாங்க வேண்டியவை

முதலில் தராசு. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன பாக்கெட் தராசு ஒன்று, 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று. கரைபொருளுக்கு முதலாவது, தண்ணீருக்கு இரண்டாவது. தண்ணீரை மில்லிலிட்டரில் அளக்காமல் கிராமில் எடை போடுங்கள். இந்தக் கணக்கு முழுவதும் எடையில் நடப்பது; டம்ளர் அளவு கொண்டு செய்தால் பிழை அங்கேயே புகுந்துவிடும்.

அடுத்து தெர்மாமீட்டர். 0.1 டிகிரி காட்டும், நீண்ட எஃகு முனை உள்ள சமையல் தெர்மாமீட்டர் கொதிநிலைக்குப் போதும். உறைநிலைக்கு இன்னும் நுணுக்கம் வேண்டும். எஸ்.பி. ரோட்டில் மின்னணு உதிரிகள் விற்கும் கடைகளில் டிஎஸ்18பி20 என்ற, நீர் புகாத உறையிட்ட உணரி கிடைக்கும். ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை, 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று சேர்த்தால் 0.06 டிகிரி மாற்றம் வரை படிக்கலாம். அதன் மொத்தத் துல்லியம் அரை டிகிரிதான் என்று தகவல் தாள் சொல்லும். பயப்பட வேண்டாம். ஒரே உணரியால் முதலில் சுத்தத் தண்ணீரையும் பிறகு கரைசலையும் அளந்து கழிக்கும்போது பொதுவான பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். இந்தப் பரிசோதனைகள் எல்லாமே வித்தியாசத்தை அளப்பவை என்பதை மனதில் வையுங்கள்.

தண்ணீருக்கு, பைக் மெக்கானிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் விற்கும், உப்புகள் நீக்கிய பேட்டரி வாட்டர் போதும். அதைக் குடிக்கக் கூடாது. போர் தண்ணீர் வேண்டாம். நகரத்தின் பல பகுதிகளில் அதில் ஏற்கெனவே நிறைய உப்புகள் கரைந்திருக்கும். காவிரித் தண்ணீர் கைவசம் இருந்தால் முதல் ஒத்திகைக்குப் பயன்படுத்தலாம்.

உப்பில் கவனம் தேவை. கல்லுப்பில் ஈரமும் மெக்னீசியம் உப்புகளும் ஒட்டியிருக்கும், எடை போட்டால் அதில் ஒரு பங்கு தண்ணீர்தான். பாக்கெட் தூள் உப்பே மேல். கட்டியாகாமல் இருக்கச் சேர்த்த பொருளால் கரைசல் லேசாகக் கலங்கும், ஆனால் அதன் அளவு மிகக் குறைவு. எந்த உப்பானாலும் வாணலியில் பத்து நிமிடம் வறுத்து, ஆறவைத்து, உடனே எடை போடுங்கள்.

முதல் வேலை: உறைநிலை

பலரும் அடுப்பிலிருந்து தொடங்குவார்கள். ஐஸிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒரே கரைசலுக்கு உறைநிலையின் மாற்றம் கொதிநிலையின் மாற்றத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். உயரத்தால் வரும் தொல்லையும் இதில் இல்லை. பனிக்கட்டி உருகும் வெப்பநிலை சென்னையிலும் பெங்களூரிலும் நடைமுறையில் ஒன்றே.

முதலில் உணரியைச் சரிபாருங்கள். பேட்டரி வாட்டரில் செய்த ஐஸை உடைத்து, ஒரு டம்ளரில் அழுத்தி நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்கு அதே தண்ணீரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கலக்கிய பிறகு வரும் எண் உங்கள் பூஜ்யம். அது 0.3 என்று காட்டினால், இனி எல்லா அளவிலிருந்தும் 0.3 கழிக்க வேண்டும்.

பிறகு குளிர்த்தொட்டி. 600 கிராம் நொறுக்கிய ஐஸில் 100 கிராம் கல்லுப்பு போட்டுக் கிளறினால் மைனஸ் 10 டிகிரியை ஒட்டிப் போகும். மலிவான கல்லுப்பு இங்கே தாராளமாகப் போதும். மூன்றுக்கு ஒன்று என்று உப்பைக் கூட்டினால் இன்னும் குளிரும். உப்பும் ஐஸும் சேர்ந்து எட்டக்கூடிய கடைசி எல்லை மைனஸ் 21.1 டிகிரி, அப்போது கரைசலில் உப்பு 23.3 சதவீதம் இருக்கும். கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளி வேலை செய்வது இதனால்தான். நம் அளவுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம். தொட்டி மிகக் குளிர்ந்தால் கரைசல் குழாயின் சுவரில் மட்டும் சட்டென்று உறைந்து, நடுவில் இருக்கும் உணரி வேறொரு எண்ணைக் காட்டும். தொட்டிக் கலவையை வெறுங்கையால் அள்ளாதீர்கள், தோல் கருகியதுபோல் புண்ணாகிவிடும்.

படிகள்:

1. 100.0 கிராம் தண்ணீரில் 5.84 கிராம் உப்பைக் கரையுங்கள். இது 1 மோலால் கரைசல்.
2. அதில் 20 கிராம் அளவை ஒரு சோதனைக் குழாயிலோ ஒடுங்கிய எஃகு டம்ளரிலோ எடுத்து, ஃபிரிட்ஜில் முன்கூட்டியே குளிரவையுங்கள்.
3. குழாயைத் தொட்டியில் இறக்குங்கள். தொட்டியின் ஐஸ் மட்டம் கரைசலின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.
4. உணரியை நடுவில் வைத்து, ஒரு கம்பி வளையத்தால் மேலும் கீழுமாகக் கலக்கிக்கொண்டே 15 விநாடிக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள்.
5. வெப்பநிலை இறங்கி இறங்கி, ஒரு கட்டத்தில் சட்டென்று மேலே ஏறி நிற்கும். ஏறி நின்ற அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது படியில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கரைசல் தன் உறைநிலைக்குக் கீழேயும் சில டிகிரி திரவமாகவே போகும், இதற்கு மீக்குளிர்வு என்று பெயர். முதல் பனித்துகள் உருவானதும் வெப்பம் வெளிப்பட்டு வெப்பநிலை உறைநிலைக்குத் திரும்பும். மிகத் தாழ்ந்த எண்ணைக் குறித்துக்கொண்டு "மைனஸ் 5.5 வந்தது" என்பது தவறு. மீக்குளிர்வு 2 டிகிரியைத் தாண்டினால் பேட்டரி வாட்டர் ஐஸின் பொடியில் கடுகளவு போட்டால் போதும், உறைதல் உடனே தொடங்கும்.

ஏறி நின்ற எண்ணும் அப்படியே நிற்காது, மெதுவாகச் சரியும். தண்ணீர் மட்டும் பனியாகப் பிரிவதால் மீதமுள்ள கரைசல் அடர்த்தியாகி, அதன் உறைநிலை மேலும் இறங்கிக்கொண்டே போகிறது. காகிதத்தில் வரைந்து, அந்தச் சரிவுக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, இறங்கும் கோட்டைத் தொடும் இடத்தைப் படியுங்கள். சுத்தத் தண்ணீரில் இந்தச் சரிவு இருக்காது, கோடு மட்டமாகப் போகும். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பார்ப்பது நூறு வரி விளக்கத்தைவிட மேல்.

கணக்குப்படி 2 × 1.86 = 3.72 டிகிரி இறங்க வேண்டும். உங்களுக்கு 3.4-ஐ ஒட்டி வரும். அது உங்கள் தவறு இல்லை. எதிரெதிர் மின்னேற்றமுள்ள அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால் அவை முழுச் சுதந்திரமான இரண்டு துகள்களாக நடந்துகொள்வதில்லை, காரணி 1.8 ஆகக் குறைகிறது. 100 கிராம் தண்ணீருக்கு 0.58 கிராம் உப்பு என்று நீர்க்கச் செய்தால் காரணி 1.87 வரை ஏறும். ஆனால் அளக்க வேண்டிய மாற்றமே 0.35 டிகிரிதான், சாதாரண தெர்மாமீட்டருக்கு அது எட்டாது.

அடுத்து 34.2 கிராம் சர்க்கரையை 100 கிராம் தண்ணீரில் கரைத்து அளந்து பாருங்கள். எடையில் உப்பைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு, இறங்குவதோ 2 டிகிரி அளவுதான். நாக்குக்குப் பாகுபோல் திகட்டும் கரைசல், லேசான உப்புத் தண்ணீரிடம் தோற்றுப்போகும். எண்ணிக்கைதான் கணக்கு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை கிடையாது.

மூன்றாவதாக எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட். மருந்துக்கடையிலும் செடிக்கடையிலும் கிடைக்கும். இதன் படிகத்தில் ஏழு மூலக்கூறு தண்ணீர் ஒளிந்திருக்கிறது. 24.65 கிராம் படிகத்தில் 12.6 கிராம் தண்ணீர். ஆகவே வெளியிலிருந்து சேர்க்க வேண்டியது 87.4 கிராம் மட்டுமே. இதைக் கவனிக்காமல் 100 கிராம் ஊற்றுவது மிகப் பொதுவான பிழை. இந்த உப்பும் இரண்டாகப் பிரிவதுதான், ஆனாலும் 2 டிகிரி அளவே இறங்கும். இரட்டை மின்னேற்றமுள்ள அயனிகள் இழுவை அதிகமாகி இணைந்தே திரிவதால், ஏறக்குறைய பிரியாத பொருளைப்போல நடந்துகொள்கிறது.

இதே முறையைத் திருப்பிப் போட்டால் தெரியாத பொருளின் மோலார் நிறையையும் கண்டுபிடிக்கலாம். 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் குளுக்கோஸ் போட்டு 1.03 டிகிரி இறங்கினால், 1.86 × 10 ÷ (1.03 × 0.1) = சுமார் 180. கணக்கு 200-ஐ ஒட்டி வந்தால், வாங்கிய குளுக்கோஸில் ஒரு மூலக்கூறு படிக நீர் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 0.1 டிகிரிதான் என்பதால் மூன்று முறையாவது செய்து சராசரி எடுக்க வேண்டும். பால் பரிசோதனைக் கூடங்கள் பாலில் தண்ணீர் கலந்ததைப் பிடிப்பதும் இந்த வழியில்தான். பசும்பால் மைனஸ் 0.52 டிகிரி அளவில் உறையும், பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் அது மைனஸ் 0.47 பக்கம் நகர்ந்துவிடும். வீட்டு உணரியை இதற்கு நம்ப வேண்டாம். ஆயிரத்தில் ஒரு டிகிரி காட்டும் கருவி வேண்டும்.

இரண்டாவது: கொதிநிலை

சுத்தத் தண்ணீரை இன்று, இந்த அடுப்பில், இந்தத் தெர்மாமீட்டரால் அளந்த எண்தான் அடிப்படை. நேற்றைய எண் உதவாது. காற்றழுத்தம் பகலிலேயே சில ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும், இங்கே 3.3 ஹெக்டோபாஸ்கலுக்கு 0.1 டிகிரி கொதிநிலை மாறும். இன்னொரு எச்சரிக்கை: கைப்பேசியின் வானிலைச் செயலி பெங்களூருக்கு 1012 என்று அழுத்தம் காட்டும். அது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றிய எண். கைப்பேசியிலேயே அழுத்த உணரி இருந்தால் அது நேரடியாகக் காட்டும் 910 போன்ற எண்தான் நம் அடுப்பை ஆள்வது.

500 கிராம் தண்ணீரைப் பாத்திரத்தோடு சேர்த்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மண்பானை ஓட்டின் சின்னச் சில்லுகள் நாலைந்து உள்ளே போடுங்கள். அவற்றின் நுண்துளைகளிலிருந்து குமிழிகள் சீராக எழும். இல்லாவிட்டால் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகித் திடீரென்று பொங்கும், எண்ணும் ஆடும். தெர்மாமீட்டர் முனை திரவத்துக்குள் இருக்க வேண்டும், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. மேலே நீராவியில் பிடித்தால் முனையில் சுத்தத் தண்ணீர் படிந்து, கரைசலில் எவ்வளவு உப்பு போட்டாலும் சுத்தத் தண்ணீரின் கொதிநிலைப் பக்கமே எண் நிற்கும்.

எண் நிலைத்ததும் அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறியபின் 58.4 கிராம் உப்பு சேர்த்து மீண்டும் கொதிக்கவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் உப்பை நேரடியாகக் கொட்டினால் ஒரே சமயத்தில் ஆயிரம் குமிழி எழுந்து கை மேல் தெறிக்கும். இப்போது 2 மோலால் கரைசல். 97.0 காட்டியது 99-ஐ ஒட்டி வரும். அளந்து முடித்ததும் பாத்திரத்தை மீண்டும் எடை போடுங்கள். 50 கிராம் தண்ணீர் ஆவியாகியிருந்தால் கரைசல் 2.2 மோலாலாக மாறியிருக்கும், கணக்கை அந்த எண்ணுக்குத்தான் போட வேண்டும். எடை போடாமல் விட்டால் "எதிர்பார்த்ததைவிட அதிகம் ஏறிவிட்டது" என்ற குழப்பம் வரும்.

உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தால் பருப்பு சீக்கிரம் வேகும் என்று சொல்வதுண்டு. ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு, அதாவது சமையலுக்குப் போடும் அளவு, கொதிநிலையை 0.17 டிகிரிதான் ஏற்றும். வேகும் நேரத்தில் அதனால் தெரியும்படி எந்த மாற்றமும் வராது. பெங்களூரில் தண்ணீரை 100 டிகிரிக்கு உப்பைக் கொண்டு ஏற்ற வேண்டுமானால் லிட்டருக்கு 165 முதல் 170 கிராம் தேவை. அது உணவாகாது. இந்த ஊரில் பருப்புக்கு வழி குக்கர்தான்: ஒரு விசில் எடையின் அழுத்தம் சேர்ந்தால் உள்ளே 118 டிகிரி வரை போகும்.

பாகு: அதே கணக்கு, பெரிய எண்களில்

சர்க்கரைப் பாகில் கரைபொருள் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே 0.512 என்ற எண் செல்லாது, ஆனால் கொதிநிலை ஏற்றம் என்ற தத்துவம் முழுமையாகச் செல்லும். கொதிக்கும் பாகின் வெப்பநிலை, அதில் எத்தனை சதவீதம் சர்க்கரை இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

சமையல் புத்தகங்களும் தெர்மாமீட்டரின் மேல் அச்சிட்ட குறிகளும் கடல் மட்டத்துக்கானவை. பெங்களூரில் எல்லாவற்றிலிருந்தும் 3 டிகிரி கழிக்க வேண்டும். கம்பிப் பதம் 106–112 என்று இருந்தால் இங்கே 103–109. தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருண்டையாகும் பதம் 112–116 என்றால் இங்கே 109–113. கெட்டி உருண்டை இங்கே 118–127. கடலை உருண்டைக்குத் தட்டில் போட்டால் "டங்" என்று சத்தம் கேட்க வேண்டிய பதம் இங்கே 146–151. சென்னைக் கணக்கில் 115-க்குக் காத்திருந்தால் இங்கே பாகு மென்மையான உருண்டைப் பதத்தைத் தாண்டி இறுகிவிடும். மைசூர்பாகு கல்லாகிப் போனால் காரணம் இந்த 3 டிகிரியாகவும் இருக்கலாம்.

பாகு கடைசியில் சட்டென்று "ஏறிவிடும்" என்று எல்லாரும் அனுபவத்தில் சொல்வதற்கும் எண் இருக்கிறது. 500 கிராம் சர்க்கரை, 500 கிராம் தண்ணீர் என்று தொடங்குங்கள். 80 சதவீதத்துக்கு வர 375 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும், அதற்கு நெடுநேரம் ஆகும், அதற்குள் வெப்பநிலை ஏறுவது 10 டிகிரி அளவு. அங்கிருந்து 85 சதவீதத்துக்குப் போக வெறும் 37 கிராம் போதும். அதில் இன்னும் 4 டிகிரி ஏறிவிடும். அதனால் கம்பிப் பதம் தொட்டதும் தீயைக் குறையுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கும், அதை நம்பாதவர்களுக்கும் எடை முறை இருக்கிறது. காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துவிட்டு, உள்ளே இருக்கும் பாகு 625 கிராம் ஆனால் 80 சதவீதம், 588 ஆனால் 85 சதவீதம். இது உயரத்தைப் பொறுத்ததல்ல, கடற்கரையிலும் மலையிலும் ஒரே எண். சூடான பாத்திரத்துக்கும் தராசுக்கும் நடுவே ஒரு மரப்பலகை வைத்து, அதன் எடையையும் கழித்துக்கொள்ளுங்கள். பாகு தோலில் ஒட்டினால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடையும். ஒரு துகள் இரண்டாகிறது. ஆகவே அதே எடைக்குக் கொதிநிலை கொஞ்சம் கூடும், படிகம் கட்டுவதும் குறையும். வெல்லத்தில் இந்த உடைந்த சர்க்கரைகளும் தாது உப்புகளும் ஈரமும் இயல்பாகவே இருப்பதாலும், வெல்லத்துக்கு வெல்லம் அவை மாறுவதாலும், அதிரசப் பாகுக்குத் தெர்மாமீட்டரை வழித்துணையாக மட்டும் வைத்துக்கொண்டு, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதையே தீர்ப்பாகக் கொள்ளுங்கள்.

ஆவியழுத்தம்: ஒரு டப்பா போதும்

ஆவியழுத்தத்தை நேரடியாக அளக்க ஆய்வகம் வேண்டும். ஆனால் அதன் விளைவைப் பார்க்க ஈரப்பதமானி ஒன்று போதும். பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல்போல் ஆக்குங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, வெயில் படாத இடத்தில் 12 மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். தெவிட்டிய உப்புக் கரைசலின் ஆவியழுத்தம் சுத்தத் தண்ணீருடையதில் முக்கால் பங்குதான் என்பதன் நேரடிச் சாட்சி இது. 80 காட்டினால் உங்கள் மானி 5 கூடுதலாகக் காட்டுகிறது. வெளிக்காற்று 75 சதவீதத்தைத் தாண்டும் மழைக்கால இரவுகளில் உப்பு ஜாடி கசிவதும் இதே எண்ணால். மெக்னீசியம் குளோரைடு ஒட்டிய கல்லுப்பு இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும்.

சவ்வூடு பரவல்: உருளைக்கிழங்கு

ஐந்து டம்ளர்களில் தலா 200 கிராம் தண்ணீர். முதலாவதில் ஒன்றும் வேண்டாம், மற்றவற்றில் முறையே 10.3, 20.5, 30.8, 41.1 கிராம் சர்க்கரை. ஒரே கிழங்கிலிருந்து தோல் இல்லாமல் 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. தடிமனில் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் எடை போட்டு டம்ளருக்கு இரண்டாகப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, துணியில் ஒற்றி, மறுபடி எடை. எடை மாற்றத்தைச் சதவீதமாக்கி வரைபடம் போட்டால் கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடம் பெரும்பாலும் 0.3 மோலால் பக்கம் இருக்கும். கிழங்கின் செல்லுக்குள் இருக்கும் கரைசலுக்குச் சமமான அளவு அதுதான். சர்க்கரைக்குப் பதில் உப்பில் செய்தால் அந்த இடம் ஏறத்தாழ பாதிக்கு, 200 கிராமுக்கு 1.75 கிராம் உப்புக்கு, வந்துவிடும். துண்டுகளை ஒற்றுவதில் ஒரே அழுத்தம் காட்டாததுதான் இங்கே பெரிய பிழை. ஒருவரே எல்லாவற்றையும் ஒற்றட்டும்.

வீட்டு ஆர்ஓ இயந்திரம் இதைத் தலைகீழாகச் செய்வது. லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள தண்ணீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் 0.85 பார் அளவு, கடல் நீருக்கு 27 பார் பக்கம். பம்பு அதைத் தாண்டி அழுத்த வேண்டும். சமையலறை ஆர்ஓ போர் தண்ணீரைச் சமாளிக்கும், கடல் நீரிடம் செல்லாது என்பதற்குக் காரணம் இந்த இரண்டு எண்கள்தான்.

அந்த ஆர்ஓவோடு வரும், கரைந்த பொருளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைச் சர்க்கரைத் தண்ணீரில் நுழைத்துப் பாருங்கள், எண் அசையாது. அது கரைந்த பொருளை எடை போடுவதில்லை. மின்கடத்தலை அளந்து, அதிலிருந்து ஊகித்துச் சொல்கிறது. சர்க்கரை மின்சாரம் கடத்தாது. 2 டிகிரி உறைநிலை இறங்கிய கரைசலும் அதற்குச் சுத்தத் தண்ணீர்தான். அதேபோல் அடர்த்தி, பாகுத்தன்மை, ஒளிவிலகல் ஆகியவை துகள்களின் எண்ணிக்கையோடு அவை என்ன பொருள் என்பதையும் பொறுத்தவை. ஊறுகாய்க்கு உப்புநீரில் முட்டை மிதக்கவிட்டுப் பார்ப்பது அடர்த்திச் சோதனை, இந்தக் கணக்குகளை அதில் கலக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் உணரியையும் எஃகுப் பாத்திரத்தையும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசித் துடையுங்கள், உப்பு தங்கினால் எஃகிலும் புள்ளி விழும். குளிர்த்தொட்டியின் உப்புநீரைச் செடித் தொட்டியில் கொட்ட வேண்டாம்: கிழங்குத் துண்டிலிருந்து தண்ணீர் வெளியேறியதுபோலவே வேரிலிருந்தும் வெளியேறும். சிங்க்கில் ஊற்றி, ஒரு வாளி தண்ணீர் விடுங்கள்.